பிரட்டுக்களமும் பசுங்களமும்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்த தட்டை என் முன்னே வைத்து வணங்கி எழுந்து, சிறிது நேரம் தயங்கி நின்றான். பின்பு, "சேர், வீட்டுக்குப் பின்னாடி ஒரு கிரவுண்ட் போடப் போறேன். செயற்கைப் புல்லு விரிக்கிற கிரவுண்ட். அதுக்கு நீங்கதான் நல்ல தமிழ்ல ஒரு பேரு வச்சுக் குடுக்கணும்" என்றான்.

தமிழ் கற்பித்தே தலை நரைத்தவன் நான். பிறந்த பிள்ளைக்குப் பெயர் கேட்டு வந்தோர் பலர். கடைக்கும் வாசிகசாலைக்கும் கேட்டு வந்தோரும் உளர். பந்தாடும் களத்துக்குப் பெயர் கேட்டு வந்தவன் இவன் ஒருவனே. பெயர் இடுமுன் பொருளை அறிய வேண்டும் என்பது இலக்கணம் கற்றவனுக்கு முதற்கடமை. ஆகவே, "புல் என்கிறாயே, அது புல்தானா?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகலமுள்ள துண்டொன்றை எடுத்துக் கொடுத்தான்.

தொல்காப்பியர் மரபியலிலே புல்லையும் மரத்தையும் வேறுபடுத்தக் கூறிய இலக்கணம் மாணவர் அறிந்ததே. வயிரம் புறத்தே உடையது புல்; அகத்தே உடையது மரம். அவ்விலக்கணப்படி பனையும் தென்னையும் மூங்கிலுங்கூடப் புல்லினமே. என் கையிலிருந்த துண்டையோ எவ்வினத்தில் அடக்குவது? கடும்பச்சை நிறத்து இழைகள், தொட்டால் மென்மை, பின்புறத்திலே கறுத்த துணி போன்ற பிளாஸ்டிக் நெசவு, அதில் நீர் வடிதற்குச் சிறு துளைகள். இழை பொலித்தீன் இனத்தது என்றும், அதன் தாங்கு துணி வேறொரு வகைப் பிளாஸ்டிக் என்றும் அவன் விளக்கினான். அகத்திலும் வயிரமில்லை, புறத்திலும் வயிரமில்லை, வேருமில்லை, விதையுமில்லை. "இது புல்லன்று தம்பி, பாய்" என்றேன். "பாய்தான் சேர். ஆனா இதுல பந்து ஓடுற மாதிரி நம்ம மண்ணுல ஓடாது" என்றான் அவன்.

அவன் இதனை ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. கட்டாரிலே பதினோராண்டு உழைத்தவன். அதிற் பல ஆண்டுகளை இத்தகைய களங்களை விரிக்கும் வேலையிலேயே கழித்தவன். இறப்பர்ப் பால் வெட்டும் தாயின் மகன். பதினோராண்டு உழைப்பிலே மிஞ்சியதைக் கொண்டு, கொடகவெலைக்கு அண்மையில் சிங்களக் கிராமத்தவர் ஒருவரிடமிருந்து 40 பேர்ச்சஸ் காணியை வாங்கி, அதன் முகப்பில் வீடொன்றையும் கட்டிவிட்டான். வீட்டின் பின்புறம் பழைய இறப்பர் மரங்கள் நின்ற சரிவு. அந்தச் சரிவைச் சமப்படுத்தித்தான் களம் அமைக்க எண்ணியிருந்தான். ஊர்ப் பிள்ளைகள் ஆடவேண்டும்; இரவிலே விளக்கிட்டு இளைஞர்க்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுத் தன் பிழைப்பும் நடக்கவேண்டும். இதுவே அவன் திட்டம்.

இச்செயற்கைப் புல் பிறந்த வரலாறு சுவையானது. ஐக்கிய அமெரிக்காவில் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட நிலமில்லை, அதனால் அவர்கள் கிராமத்துப் பிள்ளைகளைவிட உடல் வலிமையில் குறைந்து போகின்றனர் என்ற கவலை 1950களில் எழுந்தது. அக்கவலைக்கு மருந்தாகவே இந்த இழைப் புல்லை ஆராய்ந்து உருவாக்கினர். 1964இல் றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரப் பாடசாலை ஒன்றிலே முதன்முதலாக அது விரிக்கப்பட்டது. மறுவருடம் ஹூஸ்டன் நகரிலே கூரையிட்ட பெருவிளையாட்டரங்கொன்று திறக்கப்பட்டது. உள்ளே உண்மைப் புல்லே வளர்ந்தது. கூரையூடாக வந்த ஒளி வீரர்களின் கண்ணைக் கூசச் செய்கிறதென்று கூரைத் தகடுகளுக்கு நிறம் பூசினர். வெயிலை இழந்த புல் மடிந்தது. 1966இல் அங்கே இழைப் புல் விரிக்கப்பட்டது. அவ்வரங்கின் பெயரை ஒட்டியே 'அஸ்ட்ரோ டேர்ஃப்' என்னும் பெயரும் உலகெங்கும் பரவிற்று.

அதன்பின் பத்தாண்டிலே இப்பாய் ஒரு தேசத்தின் விளையாட்டையே புரட்டிப் போட்டது. 1975இல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்லிலே ஆடி உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய ஹொக்கி அணி, அடுத்த வருடம் மொன்றியல் ஒலிம்பிக்கிலே ஏழாமிடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹொக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அதுவே முதன்முறை. இறக்கத்துக்குக் காரணம் தரை ஒன்றே என்று கூறுதல் மிகையாகும். எனினும் மண்ணிலும் புல்லிலும் பழகிய கால்களுக்கும் மணிக்கட்டுகளுக்கும் புதிய தரை அந்நியமாக இருந்தது என்பதை எவரும் மறுத்திலர். அன்றுதொட்டு, பாய் உள்ள நாட்டுப் பிள்ளைக்கும் பாய் இல்லாத நாட்டுப் பிள்ளைக்கும் இடையே புதியதொரு வேலி எழுந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்ட வாசகர் ஒருவர், நிலமில்லாத நகரத்தானுக்குப் பிறந்த பொருள் நிலத்தின் நடுவே வாழும் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடைகூற வேண்டுமாயின் என் இளமைக்குப் போதல் வேண்டும்.

நான் பிறந்தது இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே. 10 அடிக்கு 12 அடி காம்பரா. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நிலம்; ஆனால் காலூன்றி ஓடுதற்கு ஒரு துண்டு சமநிலமில்லை. நிலமெல்லாம் சரிவு; சரிவெல்லாம் மரம்; மரமெல்லாம் கணக்கு. தோட்டத்திலே சமதரையாக எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பிரட்டுக்களம். விடியுமுன் கொம்பு ஊதியதும் பெரியவர்கள் வந்து வரிசையாய் நிற்பர், கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார், வேலை பிரிக்கப்படும். அந்தி சாய்ந்தபின் அதே களத்தில் நாங்கள் பழந்துணியைச் சுருட்டி, ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செய்து உதைப்போம். துரையின் வண்டி ஓசை கேட்டால் நாலா பக்கமும் சிதறுவோம்.

களம் என்னும் சொல் தமிழிலே எத்துணை விரிந்த சொல்! உழவன் நெல்லைக் குவிப்பதும் களம். வீரன் வாளெடுப்பதும் களம். கூத்தன் ஆடுவதும் களம். நம் முன்னோர்க்கு இந்நாட்டில் வாய்த்த களமோ ஆளெண்ணும் களம். 2023இலே மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர் பலர். அந்த இருநூறு ஆண்டிலும் நிலம் எமக்கு வேலைத்தலமாக இருந்ததேயன்றி விளையாட்டிடமாக இருந்ததில்லை. 2015க்குப் பின் வந்த தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று வகுத்தனர். அது கிடைத்தவர் சிலர், காத்திருப்போர் பலர். ஏழு பேர்ச்சஸ் என்பது 177 சதுர மீற்றர். 1991இலே இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்தின் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது; அதாவது 162 சதுர மீற்றர். ஒரு குடும்பம் வீடு கட்டி, கிணறோ மலசலகூடமோ அமைத்து, கீரைப்பாத்தியும் போட்டு வாழவேண்டிய காணி, பந்து தட்டும் களத்தைவிடச் சிறிதே பெரிது.

அடுத்த வாரம் அவன் காணியை நான் நேரிற் போய்ப் பார்த்தேன். அளவுநாடா பிடித்து முளையடித்திருந்தான். 30 மீற்றர் நீளம், 16 மீற்றர் அகலம். ஏறக்குறைய 19 பேர்ச்சஸ். நான் பிறந்த காம்பராவைப் போல 43 காம்பராக்களை அந்த நீள்சதுரத்துக்குள் அடக்கலாம் என்று மனம் தானாகவே கணக்கிட்டது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அவ்வளவு நிலத்தை விளையாட்டுக்கென்றே ஒதுக்குகிறான் என்பதை எண்ணியபோது என் கண் கலங்கியது உண்மை. அந்தக் கலக்கத்தில் நான் பார்க்க வேண்டியதைப் பாராது விட்டேன் என்பதும் உண்மை.

களம் அமைக்கும் முறையை அவன் எனக்குப் பாடம்போல் எடுத்துரைத்தான். விரிப்பது கடைசி வேலை. அதற்குக் கீழே செய்வதே பெரிய வேலை. முதலில் மேல்மண்ணையும் வேரையும் அகற்றிச் சரிவைச் சமப்படுத்த வேண்டும். அடிமண்ணை உருளையால் இறுக்கி, மண்ணும் கல்லும் கலவாதிருக்க அதன்மேல் ஒருவகைத் துணி விரிக்க வேண்டும். அதற்குமேல் 15 முதல் 20 சென்ரிமீற்றர் கனத்திற்குச் சல்லிக்கல். அதற்குமேல் கல்தூள். இவ்வளவும் நூறுக்கு ஒன்று என்னும் வீதத்திலே சாய்ந்திருத்தல் வேண்டும். 16 மீற்றர் அகலத்துக்கு 16 சென்ரிமீற்றர் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வே களத்தைக் காப்பது. சுற்றிலும் வரம்புக்கல், அதன் ஓரமாகத் துளையிட்ட குழாய் பதித்த வடிகால். பிறகே 4 மீற்றர் அகலச் சுருள்களாக வரும் விரிப்பை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்து, பொருத்துகளின் அடியில் நாடா வைத்துப் பசையிட்டு ஒட்டுவர். பசை ஈரத்தை ஏற்காது. ஆதலால் மாசி மாதத்து வெயில் கடந்து போகுமுன் முடித்துவிட வேண்டும். ஈற்றில் இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காக இடையிடையே மணலும் இறப்பர்த் துகளும் தூவித் தூரிகையால் வாரிவிடுவர். எட்டுப் பத்து ஆண்டு தாங்கும் என்றான்.

பெக்கோ இயந்திரம் வந்தது. மேற்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்புறத்திலே கொட்டி நிரப்பியது. காணியின் கீழெல்லைக்கு அப்பால், ஏறக்குறைய நாற்பது அடி தாழ்விலே, தோட்டத்துப் பழைய லயமொன்று இருந்தது. அதன் கூரைத் தகரங்கள் மேலிருந்து பார்ப்பவருக்கு வரிசையாய் அடுக்கிய சிலேட்டுகள்போல் தோன்றின. நான் பெயரை யோசித்துக்கொண்டு நின்றேன். 'பைந்தளிர்', 'பசும்பொழில்', 'முல்லைக்களம்' என்று ஒவ்வொன்றாக மனத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பொழுது அந்த லயத்திலிருந்து முதியவள் ஒருத்தி, முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டு மேட்டிலே ஏறி வந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே என் மாணவனிடம் போய், புதிதாய்க் கொட்டிய மண்ணையும், அதன் ஓரத்தில் பதித்திருந்த குழாயின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "தம்பி, நல்லா செய்யிற. புள்ளைக வெளையாடட்டும். ஆனா இந்தத் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டாள்.

அவன் விடை கூறவில்லை. நானும் கூறவில்லை. குழாயின் வாய் அவள் அடுப்பங்கரையை நோக்கியே இருந்தது.

சிங்களத்திலே 'கொட' என்பது மேட்டு நிலத்தையும் 'வெல' என்பது வயலையும் குறிக்கும். மேடும் வயலும் சேர்ந்த ஊர்ப்பெயரை நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டு, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே எத்தனையோ முறை பஸ்ஸேறிப் போய்வந்தவன் நான். மேட்டு நீர் வயலுக்கு இறங்கும் என்ற அச்சிறு உண்மை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. சொல்லுக்குப் பொருள் காண்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு அது தோன்றவில்லை. எழுத்தறியாத அம்முதியவளுக்குத் தோன்றிற்று. அன்று நான் அடைந்த நாணத்தை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தேன். இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரி 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எங்கள் பக்கம் அதனிற் குறைவுதான். ஆயினும் ஒரு பிற்பகல் இடிமழையிலே 50 மில்லிமீற்றர் பெய்வது புதுமையன்று. 480 சதுர மீற்றர் பரப்பிலே 50 மில்லிமீற்றர் பெய்தால் 24,000 லீற்றர். பெரிய பீப்பாக்களில் அள்ளினால் 120 பீப்பா. மரமும் சருகும் வேரும் இருந்த காலத்தில் அந்நீரிற் பெரும்பகுதியை நிலம் குடித்துவிடும். எஞ்சியது பல வழியாய்ப் பிரிந்து மெல்ல இறங்கும். களம் அமைந்தபின் நீர் விரிப்பின் துளை வழியே சல்லிக்கு இறங்கி, இறுகிய அடிமண்ணில் வழுக்கி, ஒரே குழாயில் சேர்ந்து, ஒரே வாயால் வெளிவரும். போதாக்குறைக்குப் புதிதாய் நிரப்பிய மண் வேறு விளிம்பிலே தளர்ந்து நிற்கிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்திலே வெள்ளமும் மண்சரிவும் எத்தனை உயிரைக் கொண்டன என்பதை இங்கு வாழ்வோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலே கட்டுமானத்துக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறவேண்டும் என்ற விதி ஏற்பட்டதும் இத்தகைய அனுபவத்தினாலேயே. அவன் வீட்டுக்கு அதைப் பெற்றிருந்தான். களத்தை ஒரு கட்டடமாக அவன் கருதவில்லை.

மறுநாள் இதனை அவனிடம் கூறியபோது அவன் முகம் கறுத்தது. "சேர், கட்டாருல நாங்க போட்ட கிரவுண்டுக்குக் கீழ யாரும் இருக்கல. அதுதான் யோசிக்கல. இப்ப மண்ண வெட்டியாச்சு, காசும் போயிருச்சு. இனி என்ன செய்யிறது?" என்றான். சற்றுப் பொறுத்து, "நீங்க பேரு வைக்கத்தானே வந்தீங்க?" என்றும் சொன்னான். அச்சொல் என்னைச் சுட்டது. எனினும் அவன்மேல் கோபம் வரவில்லை. பதினோராண்டு வியர்வையை மண்ணிலே கொட்டியவனிடம், அதிற் பாதியை மறுபடி அள்ளு என்று சொல்வது எளிதன்று. "உன் தாய் இன்னும் அந்த லயத்தில் இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு நாட்கள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் காலையிலே அவனே வந்து, "அந்தப் பாட்டியோட வீட்டுக்காரர் முப்பது வருசம் தோட்டத்துல கான் வெட்டினவராம். அவரையே கூட்டிட்டு வந்துட்டேன் சேர்" என்றான்.

கான் என்னும் தோட்டத்துச் சொல்லை அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. மலைச்சரிவிலே மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி, சரிவுக்குக் குறுக்காக, மிகச் சிறிய சாய்வோடு வெட்டும் வாய்க்காலே கான். நேரே கீழ்நோக்கி வெட்டினால் நீர் பாய்ந்து மண்ணைக் கொண்டுபோகும். முழுமட்டமாக வெட்டினால் நீர் தேங்கிக் கரையை உடைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வு உண்டு. அது கான் வெட்டுபவன் கையறிவு. தேயிலையும் இறப்பரும் இத்தனை காலம் இம்மலைகளில் நிற்பதற்கு அந்தக் கையறிவே காரணம். அதற்கென்று ஒருவரும் பட்டம் அளித்ததில்லை.

முதியவர் வந்தார். களத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நீர் நிரப்பிய பளிங்குக் குழாயின் ஒரு முனையை என் மாணவன் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்தார். காணியின் பக்கவாட்டிலே, ஏறக்குறைய எழுபது அடி தள்ளி, பாறை விளிம்போடு ஓடும் இயற்கை ஓடை ஒன்று இருந்தது. "தண்ணியக் கீழ விடாத. பக்கமா நடத்திக்கிட்டுப் போ. அது ஓடைக்குப் போயிரும்" என்றார். பின்பு புதுமண் நிரப்பிய விளிம்பைக் காலால் மிதித்துக் காட்டி, "இது நிக்காது. இத எடுத்துரு" என்றார்.

அவ்வாறே செய்தனர். நிரப்பிய மண்ணை அள்ளி மேற்புறத்தில் ஒதுக்கினர். களத்தின் நீளம் 30 மீற்றரிலிருந்து 26 ஆகக் குறைந்தது. ஐவர் ஆடும் உள்ளக உதைபந்தாட்டத்துக்கு விதிநூல் கூறும் மிகக் குறைந்த அளவு 25 மீற்றருக்கு 16 மீற்றர். ஆகவே ஆட்டத்துக்குக் குறைவில்லை. கீழ் விளிம்பிலே கருங்கல் அடுக்கி அணைகட்டினர். குழாயின் வாயை அடைத்து, அதன் நீரைக் கல் நிரப்பிய குழியொன்றிலே இறக்கி வேகம் தணித்து, அங்கிருந்து கான் வழியே ஓடைக்கு நடத்தினர். கானின் இரு கரையிலும் வெட்டிவேர் நட்டனர். பெயர் கேட்டு வந்தவனுக்குப் பெயர் கொடாத நான், வெட்டிவேர்க் கன்று சில கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி இறப்பர்த் துகளைப் பற்றி. பழைய டயர்களை அரைத்தெடுத்த அத்துகளை உலகெங்கும் இத்தகைய களங்களில் தூவுகின்றனர். 1876இலே பிரேசில் காட்டிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவ்வாண்டே கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாள்முதல், சப்பிரகமுவ மலைகளிலே எத்தனை கைகள் பால் வெட்டின! அந்தப் பால் கப்பலேறி, டயராகி, உலகத் தெருவெல்லாம் உருண்டு தேய்ந்து, தூளாகித் திரும்பி வந்து, பால் வெட்டியவள் மகனின் களத்திலே விழுதல் ஒரு விதத்திற் பொருத்தமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் மழையடிக்குந்தோறும் அத்துகள் களத்தைவிட்டு வழிந்தோடும் இயல்புடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதியொன்றால், 2031 முதல் இத்தகைய துகளை அங்கே களங்களுக்கென விற்கவியலாது. நம் கானோ ஓடைக்குச் செல்கிறது. ஓடை வயலுக்குச் செல்கிறது. இதனை எடுத்துக் கூறியபோது என் மாணவன் தர்க்கிக்கவில்லை. குட்டையான இழையுடைய விரிப்பை வாங்கி, மணலை மட்டும் இட்டான். அதனால் விழும் பிள்ளையின் முழங்கால் சற்று அதிகமாகவே சிராய்கிறது. உச்சி வெயிலில் விரிப்பின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். ஆதலால் பகல் மூன்றரை மணிக்கு முன் எவரும் அதில் இறங்கலாகாது என்பது விதி. இருள்மூட்டமான நாட்களில் பாசி படரும். வாரந்தோறும் தூரிகையிட வேண்டும். குறைகளை மறைத்துப் புகழ்வது ஆசிரியனுக்கு அழகன்று.

பங்குனி மாதத்திலே களம் திறந்தது. மூன்றரை முதல் ஐந்தரை வரை பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. அதன்பின் விளக்கேற்றி வாடகைக்கு விடுகிறான். லயத்துப் பிள்ளைகளும் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் கடைவீதி முஸ்லிம் பிள்ளைகளும் வருகின்றனர். பந்து கேட்கும்போது எவர் எம்மொழியில் கேட்கிறார் என்பதை நின்று கேட்டுப் பிரித்தறிய என்னால் இயலவில்லை. செவ்வாயும் வியாழனும் பெண்பிள்ளைகளுக்கு. முதல் வாரம் இருவரே வந்தனர். இப்போது இரண்டு அணி சேர்கிறது.

தமிழகத்துக் கரிசல் பூமியிலே கோவில்பட்டி என்றொரு நகர் உண்டு. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அவ்வூர் ஹொக்கிக்கும் பெயர்போனது. அங்கே இன்று செயற்கை இழைக் களம் இருக்கிறது. 2022இலே ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் அவ்வூர்ப் பிள்ளை. ஆனால் பாய் வருமுன்பே, தலைமுறை தலைமுறையாக, வெறும் மண்ணிலே மட்டை பிடித்தவர்கள் அங்கே இருந்தனர். மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி ஆட்டம் பழக்கியவர்கள் இருந்தனர். பாய் அதன்மேல் விரிந்தது. வெறும் நிலத்திலே பாயை மட்டும் விரித்தால் அது பச்சைப் பாயாகவே கிடக்கும். மேலே விரிப்பதை வாங்கலாம்; கீழே இருக்க வேண்டியதை வாங்க முடியாது.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் நாட்டை உலுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே பல ஊர்கள் மண்ணுள் மறைந்தன. அந்நாட்களில் எங்கள் பக்கமும் மழை விடாது பெய்தது. ஓரிரவு முழுதும் நான் உறங்கவில்லை. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். என் மாணவனும் கான் வெட்டிய முதியவரும் எனக்கு முன்பே அங்கு நின்றனர். கானிலே அடைத்த சருகை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தனர். நீர் கலங்கிப் பெருகி, பக்கவாட்டிலே ஓடையை நோக்கிப் போயிற்று. மலையைக் காத்தது அந்தக் கான் என்று சொல்ல நான் துணியேன். மலையின் மனம் யாருக்குத் தெரியும்? களத்து நீர் எவர் வீட்டுக்குள்ளும் புகவில்லை என்று மட்டும் சொல்வேன். கீழே லயத்துக் கூரையிடையே புகை எழுந்தது. முதியவள் அடுப்பு மூட்டிவிட்டாள்.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. பெயர்ப்பலகை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பிள்ளைகள் அதற்குத் தாமாகவே 'காபட்' என்று பெயர் வைத்துவிட்டனர். புதிதாய்த் தாரிட்ட தெருவைச் சொல்லும் அதே சொல். முதியவள் 'களம்' என்கிறாள். எனக்கு அவள் சொல்லே பிடித்திருக்கிறது. "பலகையில் அதையே எழுது" என்றேன். "வெறும் களம்னா சேர்?" என்றான். "வெறும் களந்தான். எங்களுக்கு இருந்தது பிரட்டுக்களம், அந்தப் பிரட்டை நீக்கினால் மிஞ்சுவது எதுவோ அதுவே இது" என்றேன்.

நேற்றுப் பிற்பகல் மூன்றரை மணிக்கு அங்கே போய் அமர்ந்திருந்தேன். பிள்ளைகள் வரிசையாய் நின்றனர். பெயர் வாசிக்க எவரும் இல்லை. இரண்டு சிறுவர் முன்னே வந்து, தமக்கு வேண்டியவரை ஒவ்வொருவராய்க் கைநீட்டி அழைத்துக்கொண்டனர். கடைசியாக எஞ்சி நின்ற சின்னஞ்சிறியவனை இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டனர்.